காலஞ்சென்ற சிவசாமி

சீதாலெட்சுமி தன் புருஷனைச் சாகடிப்பது என்று முடிவெடுத்தது, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கிளம்பிய காலையில்தான். அரிவாள், விஷம் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. ஒரு சொல் போதும். கல்யாணப் பத்திரிகையில் செத்துப்போன பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவார்களே, அந்தச் சொல்லை சிவசாமியின் பெயருக்கு முன்னால் போட்டுவிட வேண்டும். ஆள் கொழும்பில் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தான் என்பது வேறு விஷயம்.

ஹட்டனுக்கு மேலே வெள்ளைப்பாறைத் தோட்டத்து மேற்கணக்குப் பிரிவில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். சிவசாமிக்கு அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தலையைப் படிய வாரி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடப்பான். அந்த நடையில்தான் விழுந்தாள், கிறுக்கி. மகள் ரூபிகா பிறந்த கையோடு, கொழும்பில் கடை வேலை கிடைத்திருக்கிறது என்று போனான். முதல் தீபாவளிக்குச் சேலையோடு வந்தான். அடுத்த தீபாவளிக்கு ஆள் வரவில்லை. ஜிகினா ஒட்டிய வாழ்த்து அட்டை ஒன்று தபாலில் வந்தது. அதற்கடுத்த தீபாவளிக்கு அதுவும் இல்லை. கொழும்பை ஒட்டி வத்தளைப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று பார்த்த ஆட்கள் வந்து சொன்னார்கள். ரூபிகாவுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது.

அழுதாளா? அழுதாள். எத்தனை நாள் அழுவது? கல்யாணப் போட்டோவில் அவன் நின்ற பாதியைக் கத்தரித்து அடுப்பில் போட்டாள். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடினாள். மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, அந்த மலையை ஏறி இறங்கியே மகளைப் படிக்கவைத்தாள். இன்றைக்கு ரூபிகா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாலிக் கயிற்றை மட்டும் சீதாலெட்சுமி கழற்றவில்லை. பாசமா? பாசமாவது, மண்ணாவது! தனியாக இருக்கிற பொம்பளையின் கழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் போகிற வருகிறவனெல்லாம் பல்லைக் காட்டுவான். அதற்காகப் போட்டிருந்தாள்.

ரூபிகாவுக்கு உடப்புசல்லாவைப் பக்கம் தரணிதரன் என்ற நல்ல பையனாக அமைந்தான். நாள் குறித்தாயிற்று. அந்தச் செய்தி எந்தக் காற்றில் போயிற்றோ, வத்தளைக்குப் போய்விட்டது. ஒரு மாலையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"சீதா, நாந்தான். கேள்விப்பட்டேன், சந்தோசம். பத்திரிகையில எம் பேர முன்னால போடச் சொல்லு. மணவறையில நாந்தான் தாரவாத்துக் குடுப்பேன். பெத்தவன் நான் இருக்கேன்ல?"

பெத்தவன்! அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. தாரை வார்ப்பது என்றால் அப்பனும் ஆத்தாளும் ஜோடியாக நின்று, கையோடு கை சேர்த்து, மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் விடவேண்டும். இத்தனை வருஷம் திரும்பிப் பார்க்காதவன் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பானாம். இவள் பக்கத்தில் பல்லை இளித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். ஊரெல்லாம், 'சிவசாமி மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டான்' என்று சொல்லுமாம். செத்தாலும் அவனை அந்த மணவறையில் ஏற விடுவதில்லை என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள். நினைக்க நினைக்க, ஏன் நான் சாக வேண்டும், அவன் சாகட்டுமே என்று தோன்றியது.

முதலில் ஹட்டன் கடைத்தெருவில் கணேசமூர்த்தி கடைக்குப் போனாள். முன்பக்கம் சுவர்க்கடிகாரம், பொம்மை, போட்டோ சட்டம் என்று பரிசுச் சாமான்கள். பின்பக்கம் பத்திரிகை அச்சடிக்கிற இயந்திரம். முதலாளி சாம்பிள் கார்டுகளைப் பரப்பிவைத்து, பேனாவை எடுத்தார்.

"பொண்ணோட அப்பா பேரு?"

"காலஞ்சென்ற சிவசாமி."

எழுதப்போனவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தச் சிவசாமி? ஃபாக்டரியில இருந்தானே, அவனா? போன மாசம் கொழும்புல, பொறக்கோட்டையில பாத்தேனே! நல்லா இருக்கீங்களா மொதலாளின்னு கேட்டானேம்மா!"

"பாத்திருப்பீங்க. ஆனா செத்துட்டான். அப்பிடித்தான் போடணும்."

கணேசமூர்த்தி பேனாவை மூடினார். "இந்தாம்மா, இது மங்களப் பத்திரிக. உசிரோட இருக்கிற மனுசனச் சாகடிச்சு என் கடையில அடிக்க மாட்டேன். தெனமும் சாமி கும்பிட்டுத் தொடுற மெசினு. வேணும்னா அவன் பேரையே விட்டுருவோம். திருமதி சீதாலெட்சுமியின் புதல்வின்னு போட்டுருவோம்."

"பேரையே விட்டா, அப்பன் பேரு தெரியாத புள்ளன்னு பேசுவாங்க மொதலாளி. எம் புள்ளைக்கு அப்பன் இருந்தான். செத்துட்டான். அத மட்டும் அடிங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். கும்பிட்ட கையால் அவர் கடைப் பொம்மைகளை எல்லாம் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது.

ஹட்டனில் இனி எந்தக் கடைக்குப் போனாலும் இதே கதைதான், எல்லாருக்கும் அவனைத் தெரியும். அடுத்த வாரம் பஸ் பிடித்துக் கினிகத்தேனைக்குப் போனாள். அங்கே பாதையோரத்தில் ஒரு சிங்கள முதலாளியின் கார்டுக் கடை. தமிழ் எழுத்துக் கோர்க்கிற பெண் அன்றைக்கு லீவு. சீதாலெட்சுமிக்குச் சந்தைச் சிங்களம் வரும். 'காலஞ்சென்ற' என்பதற்கு அதில் என்ன சொல் என்று தெரியவில்லை. அப்பாவுக்குச் சிங்களத்தில் தாத்தா. எனவே, இங்கிலீஷைத் துணைக்குக் கூப்பிட்டு, "தாத்தா லேட்" என்றாள்.

முதலாளி அன்பாகத் தலையாட்டினார். "ஆ, தாத்தா என்ன பரக்குத?" அப்பா வரத் தாமதமாகுமா என்று கேட்கிறார். பரவாயில்லை, வரட்டும், வந்த பிறகு மாதிரி பார்க்கலாம் என்று ஒரு முக்காலியை வேறு இழுத்துப் போட்டார்.

"பரக்கு இல்ல மாத்தயா. மெருனா, மெருனா!"

செத்துவிட்டார் என்றதும் பாவம் மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். "அனே பவ்!" என்று நெஞ்சில் கை வைத்தார். எப்போது, எப்படி என்று கேட்டார். சாவு வீட்டில் பிக்குகளுக்கு மூன்று மாதத் தானம் கொடுக்காமல் கல்யாணமா, வேண்டாம் அக்கே, தள்ளிப்போடுங்கள் என்று மன்றாடினார். கல்யாணக் கார்டு மாதிரிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கண்ணீர் அஞ்சலிப் பதாகை மாதிரிகளைக் கொண்டுவந்து விரித்தார். போட்டோ இருந்தால் இன்றைக்கே அடித்துத் தருவாராம். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சீதாலெட்சுமிக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. வத்தளையில் அவன் வீட்டு வாசலில் கட்டினால் எப்படி இருக்கும்! போட்டோவைத்தான் அடுப்பில் போட்டுத் தொலைத்துவிட்டோமே என்று நொந்துகொண்டு பஸ் ஏறினாள்.

மூன்றாவது, நானுஓயா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சுமனின் கடை. கோப்பையில் முகம் அச்சடித்துக் கொடுப்பான், கார்டும் கம்ப்யூட்டரிலேயே போடுவான். விவரமான ஆள். அவள் சொன்னதை அப்படியே தட்டினான். "காலஞ்சென்ற சிவசாமி" என்று திரையில் எழுத்து விழுந்ததும் அவளுக்கு நெஞ்சில் ஐஸ் வைத்தது மாதிரி இருந்தது. ஆனால் சுமன் பெயரையும் ஊரையும் வைத்துப் போனில் எதையோ தேடினான்.

"அக்கா, இவருங்களா?"

அவன்தான். தலைக்கு மை, வயிறு முன்னால். பின்னால் பலூன்கள். அங்கே பிறந்த மகளின் பிறந்தநாள் போலிருக்கிறது, பெரிய பொம்மை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். சிவசாமி அவள் வாயில் கேக் ஊட்டுகிறான். சீதாலெட்சுமி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரூபிகாவின் பிறந்தநாள் என்றைக்கு என்று இவனுக்குத் தெரியுமா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"நாளைக்கு இவரு கேஸு கீஸுன்னு வந்தா நாந்தான் மாட்டுவேன்க்கா. மன்னிச்சிருங்க" என்று சுமன் எழுத்தை அழித்தான். அவள் அவனைத் திட்டக்கூட இல்லை. அந்தக் கேக் ஊட்டுகிற கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைதானே மணவறையில் தண்ணீர் விட வரப்போகிறது! வெளியில் நுவரெலியா வேன் நின்றது. இன்றைக்கு முடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று ஏறி உட்கார்ந்தாள்.

நுவரெலியாக் கடைத்தெருவில் ரஸீனாவின் கடை அகலம் கம்மி, நீளம் அதிகம். இரண்டு பக்கமும் வாழ்த்து அட்டைகள், கூரையிலிருந்து தொங்குகிற பரிசுப் பைகள், கண்ணாடி மேசைக்குள் பாட்டுப் பெட்டிகள். ரஸீனா தட்டமிட்டு மூடிய தலையைச் சாய்த்து, சீதாலெட்சுமி சொன்னதை முழுக்கக் கேட்டாள். போன்பேச்சு, பெத்தவன், கேக் எல்லாவற்றையும். நடுவில் ஒரு தரம் "அல்லாஹ்வே" என்றாள். கடைசியில், "அடிச்சித் தாரேன் அக்கா" என்றாள்.

சீதாலெட்சுமிக்குக் காதையே நம்ப முடியவில்லை. "நெசமாவா தங்கச்சி?"

"ஓ. பொறுப்பு நான். ஆனா ஒண்டு கேக்கிறேன், கோவிச்சுக்கொள்ள வாணாம். ஒங்கட ஆக்கள்ல புருஷன் மவுத்தானா தாலியக் கழட்டுறதுதானே? கார்டுல அவர் மவுத்து. ஒங்கட கழுத்துல அவர் உசிரோட இரிக்கார். இது ரெண்டும் எப்பிடிப் பொருந்தும்?"

இதை அவள் யோசிக்கவே இல்லை. கணேசமூர்த்தி சொல்லவில்லை, சுமன் சொல்லவில்லை, இவள் சொல்கிறாள். புருஷன் செத்தால் அவள் தாலியறுத்தவள். தாலியறுத்தவளை மணவறையில் ஏற்ற மாட்டார்கள். மகள் கையைப் பிடித்துக் கொடுக்க வேறு யாரையாவது ஜோடியாக நிறுத்துவார்கள். அவனைத் தள்ளுகிற அதே சொல் அவளையும் சேர்த்துத் தள்ளிவிடும். அந்த ஒரு நாளுக்காக எத்தனை ஆசை வைத்திருந்தாள்! மாம்பழக் கலரில் சேலை எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். மலையில் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் விரலிடுக்கில் ஓடுவதை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிற்க வேண்டுமானால் அவனும் நிற்பான். அவன் நிற்கக் கூடாதென்றால் நானும் நிற்க முடியாது. மனசு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்தது. பிறகு, பலூனுக்கு நடுவில் பல்லைக் காட்டிய அந்த முகம் வந்தது. அவ்வளவுதான். கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். முடிச்சு இறுகியிருந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்து, மஞ்சள் கயிற்றை மேசைமேல் வைத்தாள்.

"இந்தா. இப்ப ரெண்டு எடத்துலயும் செத்துட்டான். அடி தங்கச்சி."

ரஸீனா பதறிப்போனாள். அதை வெறும் கையால் தொடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, கைக்கு எட்டிய பரிசுத் தாளில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள். ரோசாப் பூப் போட்ட தாள். திரும்பி வருகிற வழியில் வேன் ஜன்னலைத் திறந்து, கயிறும் தாளுமாக ஓடையில் வீசினாள் சீதாலெட்சுமி. கழுத்து வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் நன்றாக மூச்சு வந்தது.

வெறுங்கழுத்தோடு வந்தவளைப் பார்த்து லயத்துப் பொம்பளைகள் ஓடிவந்தார்கள். "ஆத்தி! என்னா சீதா இது?"

"அவரு போயிட்டாரு."

"எப்ப?"

"இன்னைக்கு மத்தியானம். நுவரெலியாவுல, கார்டுக் கடையில."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்கள் பாருங்கள், லயத்துக் கடைசித் தொங்கல் வீடுவரைக்கும் கேட்டது. மறுநாள் பெரட்டுக் களத்தில் தோட்டத்துக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ரூபிகா கார்டைக் கையில் வாங்கி, அந்த வரியைப் படித்தாள். "எழுத்து அழகா இருக்கும்மா" என்றாள், அவ்வளவுதான். அம்மா மணவறையில் நிற்கப் போவதில்லை என்று தெரிந்தபோதுதான் அவள் முகம் சுருங்கியது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் முன்பே தெரியும். சீதாலெட்சுமியின் தம்பி சோலைமலையும் அவன் பெண்சாதியும் தாரை வார்ப்பது என்று முடிவாயிற்று.

முதல் கார்டு வத்தளைக்குத்தான் போனது. ஊரில் விசாரித்து வாங்கிய விலாசத்தை உறையின்மேல் அவளே எழுதினாள். 'திரு. சிவசாமி குடும்பத்தினர்.' எழுதிவிட்டு, தபால் பெட்டிக்குள் போடும்போது வாய்விட்டுச் சிரித்தாள்.

கல்யாணத்தன்று அவன் வந்தான். வராமல் இருப்பானா! வெள்ளைச் சட்டை, பளபளவென்று தாள் சுற்றிய பெரிய பரிசுப் பெட்டி. பந்தலுக்குள் நுழைந்து நேராகச் சீதாலெட்சுமியிடம் வந்து, கார்டை ஆட்டினான்.

"என்னாடி இது? என்னா வேல பாத்து வச்சிருக்க?"

சீதாலெட்சுமி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "யாருங்க நீங்க? பொண்ணு வீடா, மாப்புள வீடா?"

"அடியே!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கந்தப்பன், சிவசாமியோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆள், மெல்ல எழுந்து வந்தார். அவன் முகத்துக்கு நேரே குனிந்து உற்றுப் பார்த்தார். "அடடடா! அச்சு அசல் எங்க சிவசாமியாட்டமே இருக்கீங்களே தம்பி! பாவம், செத்துப்போயிட்டான். இருந்திருந்தா இன்னைக்கு எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பான்!"

"அண்ணே, நாந்தாண்ணே சிவசாமி!"

"அழாதீங்க தம்பி. ஒங்களுக்கும் வேண்டப்பட்டவன் போலருக்கு" என்று அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். இன்னொருத்தி, "நல்ல மனுசன். கொஞ்சம் கூறு கெட்டவன், அம்புட்டுத்தான்" என்றாள். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்றால், இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அது சிவசாமிக்குத் தெரிந்திருந்தது. பரிசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஐயர், "பொண்ணோட பெத்தவா வாங்கோ" என்று கூப்பிட்டார். பழக்கதோஷமோ, ஆசையோ, சிவசாமி பாதி எழுந்துவிட்டான். சோலைமலையும் அவன் பெண்சாதியும் அவனைத் தாண்டி நடந்து மணவறை ஏறினார்கள். அவன் அப்படியே மறுபடி உட்கார்ந்தான். சீதாலெட்சுமி வாசல் பக்கத் தூணோரமாக, மாம்பழக் கலர்ச் சேலையில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். தம்பி கையிலிருந்து தண்ணீர் விழுந்தபோது அவள் விரல்கள் தாமாகக் குவிந்தன, பொய் சொல்வானேன். ஆனால் சிவசாமியின் முகத்தைத் திரும்பிப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வேணும்டா உனக்கு, நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் பொண்ணும் மாப்பிள்ளையும் இலை இலையாக வந்து உபசரித்தார்கள். சிவசாமியின் இலைக்கு வந்ததும் அவன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "அம்மாடி, நான்..." என்றான்.

ரூபிகா எல்லாரையும் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். "ஒக்காருங்க மாமா. பாயாசம் வச்சாங்களா? நல்லாச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். அவன் உட்கார்ந்து, கையை இலையில் வைத்தபடியே இருந்தான். சாப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில், பரிசுப் பெட்டியை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் முதுகு பாதை முடக்கில் மறைகிறவரை சீதாலெட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு குளிர்ந்துபோயிற்று. பிள்ளைக்கு ஆளை அடையாளம் தெரியாமல் போனதும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவதற்காக மகளுக்குத் தலைப் பூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ரூபிகா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நல்லா வயசாயிருச்சும்மா அவருக்கு. படத்துல அவ்வளவு தெரியல."

சீதாலெட்சுமியின் கையிலிருந்து கொண்டையூசி விழுந்தது. "யாருக்குடி?"

"பந்தியில ஒக்காந்திருந்தாரே, அவருக்குத்தான். ஸ்கூல்ல படிக்கிறப்பவே போன்ல தேடிக் கண்டுபுடிச்சிட்டேன்மா. ஒங்ககிட்ட சொல்லல. ஒரு நாளு மெசேஜ் போட்டேன். நீங்க யாருன்னு கேட்டாரு. நாந்தான் ஒங்க மக ரூபிகான்னு எழுதினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. பாத்துட்டாருன்னு காட்டிச்சு. பதில் வரல. ரொம்ப நாளு தெறந்து தெறந்து பாத்தேன்."

ரூபிகா குனிந்து, கீழே விழுந்த ஊசியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். சீதாலெட்சுமி அதை வாங்கவில்லை. அவன் போன பாதையைத் திரும்பிப் பார்த்தாள். அவனை இன்னொரு தடவை கொல்ல வேண்டும்போல் இருந்தது.